வடிவு பார்த்த முதல் பீஸ்

அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் சின்னத் தொழிற்சாலை ஒன்றில் வடிவு பத்தொன்பது வருஷமாக இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறாள். காலையில் மெஷினிலிருந்து விழும் முதல் பீஸ் நேரே அவள் மேஜைக்குத்தான் வரும். அவள் அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் மற்றவை ஓடும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஊருக்குப் பழமொழி, அவளுக்குப் பிழைப்பு. அந்தப் புத்தி வீட்டிலும் விடுவதில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட மண்டபத்துக்குப் போன் போட்டுத் தேதியை உறுதி செய்துகொள்வாள்.

டிகிரி இருந்தால் சூப்பர்வைசர் ஆக்குவதாக முதலாளி சொன்னதால், முப்பத்தொன்பது வயதில் தபால் வழியில் பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்தாள். ஞாயிறுதோறும் ஆவடிப் பள்ளி ஒன்றில் வகுப்பு. மூன்றாம் வருஷம் முடிய ஒரே ஒரு அசைன்மென்ட் பாக்கி. குழந்தைகளுக்கான பழைய மாயக்கதை நாவல் ஒன்றின் முதல் அத்தியாயத்தை ஆராய்ந்து எழுத வேண்டும். மணிக்கூண்டின் கதவைத் திறக்கும் எல்சி என்ற சிறுமி வேறொரு உலகத்தில் போய் நிற்கிறாள். விளக்கோடு வரும் ஓர் அம்மாள், "எல்சி, குளிருதா?" என்று கேட்டுச் சூடாகப் பால் தருகிறாள். வகுப்பே அந்த அம்மாளின் தாயுள்ளத்தை எழுதித் தள்ளியது. வடிவு மட்டும், சிறுமியை அங்கே வரவழைத்த சூனியக்காரியே அவள்தான் என்று எழுதினாள்.

ஆசிரியை கிருஷ்ணப்பிரியா அந்தத் தாளை அவள் முன் வைத்தார்.

"இந்த ரகசியம் கடைசி அத்தியாயத்துலதான் வருது. நீங்க முதல் அத்தியாயம் மட்டும்தான் படிச்சேன்னு எழுதியிருக்கீங்க. போன்ல ஏ.ஐ. கிட்ட கேட்டு எழுதினீங்களா? அப்படின்னா அடுத்த வருஷம் திரும்ப எழுத வேண்டியதுதான்."

ஊரையே சந்தேகப்படுகிறவளை ஒருத்தி சந்தேகப்பட்டுவிட்டாள். ஒரு வருஷம் போனால் சூப்பர்வைசர் நாற்காலியும் வேறு யாருக்காவது போய்விடும்.

"அந்தப் பொண்ணு பேரே சொல்லல மேடம். அந்தம்மாவுக்கு எப்டி தெரியும்? மொத பீஸ்லயே தப்பு கீது. நான் இன்னாத்துக்குக் கடைசி வரிக்கும் போவணும்?"

கிருஷ்ணப்பிரியா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். சிறுமி பெயர் சொல்லவில்லைதான். ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை.

"இதையும் போனே சொல்லியிருக்கலாமே," என்றவர், பையிலிருந்து வேறொரு கதைப் புத்தகத்தை எடுத்தார். "ரயில்ல படிக்கிறதுக்கு வாங்கினது. நானே முடிக்கலை. இதுல முதல் அத்தியாயத்தைப் படிச்சுட்டுச் சொல்லுங்க."

வடிவு தன் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"மீதிப் பக்கத்துக்கு ரப்பர் பேண்டு போட்டுக் குடுங்க. அப்பறம் பின்னாடி பாத்தேன்னு சொல்லக் கூடாது."

அகராதியும் கையுமாக முக்கால் மணி நேரம் வரிவரியாகப் படித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அப்பாவக் காணோம்னு பையன் தேடறான். மாமனும் கூடத் தேடறாரு. மாடிப் பக்கம் நான் போனதே இல்லன்றாரு. மூணாவது படி ஆடும், பாத்து ஏறுன்னும் அவரேதான் சொல்றாரு. மாமன்தான் அப்பாவ மேல பூட்டி வச்சிக்கீறாரு."

கிருஷ்ணப்பிரியா ரப்பர் பேண்டைக் கழற்றிக் கடைசிப் பக்கங்களுக்குப் போனார். நின்றபடியே படித்தார். புத்தகத்தை மூடிப் பைக்குள் போட்டார்.

"இருநூறு பக்கமா அந்த மாமாவை நல்லவர்னு நம்பிட்டு இருந்தேன்," என்றார்.

இருபதுக்குப் பதினெட்டு போட்டு, கையெழுத்திட்டுத் தாளை நீட்டினார். வடிவுக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு தாளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அவரிடமே திருப்பி நீட்டினாள்.

"தேதி போடல மேடம்."