கடைசி நாளை முதலிலேயே சொல்லணும்

கல்லூரியில் என் தங்கைக்கு வைத்திருந்த பெயர் சனி மேடம். சனிக்கிழமைதோறும் பிள்ளைகளை வெளி வேலைக்கு இழுத்துக்கொண்டு போவதால் வந்த பெயர். "நமக்கு ஏழரை ஆரம்பிச்சிருச்சுடா" என்று பையன்கள் அவள் காதுபடவே சொல்வார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். வீட்டுக்கு வந்து என்னிடம், "ஏழரைன்னா ஏழரை வருஷம்ணே. நான் இவங்களுக்கு ஒரு பருவம்தான். கொடுத்துவெச்சவங்க" என்பாள்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த ஒரே ஆள் அவள். நான் எட்டாவதோடு நிறுத்திவிட்டு, லாரிக்கும் பஸ்ஸுக்கும் சீட் தைக்கும் பட்டறையில் சேர்ந்தவன். அவள் கணக்குப் பாடம் எடுக்கிறாள். அந்தக் கல்லூரியில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பருவம் ஊருக்கு உதவியாக ஏதாவது வேலை செய்து, அதில் என்ன கற்றுக்கொண்டோம் என்று எழுதித் தர வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஆசிரியர்கள் யாரும் விரும்பி எடுப்பதில்லை. ஒருவர் மாற்றி ஒருவர் தள்ளிவிட்டு, வயதில் சின்னவளான இவள் தலையில் வந்து விழுந்தது. விழுந்ததை அவள் கீழே இறக்கி வைக்கவே இல்லை.

பஸ் பணிமனைக்குப் பின்னால் ஒரு இல்லம் இருந்தது. முதுகெலும்பு அடிபட்டவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், வீட்டில் வைத்துப் பார்க்க ஆளில்லாதவர்கள் படுத்திருக்கும் இடம். நீளமான ஒரே கூடம். இரண்டு பக்கமும் கட்டில்கள், நடுவில் ஃபினாயில் காயாத தரை. ஜன்னலைத் திறந்தால் பணிமனையின் சுவர்தான் தெரியும். என் தங்கை பிள்ளைகளை அங்கே கூட்டிப் போனாள். ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டில். பேச்சுத்துணை, சவரம், நகம் வெட்டுவது, மருத்துவர் சொன்ன உடற்பயிற்சி என்று அந்தக் கட்டிலில் இருப்பவருக்கு என்ன தேவையோ அதைச் செய்ய வேண்டும்.

அதற்கு முன்னால் ஒன்று உண்டு. முதல் நாளே கட்டிலுக்கு எதிரில் நின்று, தான் வரப்போகும் கடைசி நாள் எது என்று சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் கூசுவார்கள். கல்யாண வீட்டுக்குப் போய் ஒப்பாரி வைப்பது போல இருக்கிறது என்று ஒரு பெண் அழுதேவிட்டாள். தங்கை விடவில்லை. அவளுடைய முதல் வருடத்தில், எல்லாம் முடிந்த பிறகு, மறந்துவிட்ட குடையை எடுக்க ஒரு சனிக்கிழமை தனியாக அங்கே போயிருக்கிறாள். கூடத்தில் பாதிப்பேர் தலையை வாரி, துவைத்த சட்டை போட்டு, வாசலைப் பார்த்தபடி இருந்திருக்கிறார்கள். பிள்ளைகள் இனி வரமாட்டார்கள் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள். அதிலிருந்து வந்த வழக்கம் இது.

என்னை அந்த இல்லத்துக்கு இழுத்ததும் அவள்தான். மெத்தைகள் குழி விழுந்து கிடக்கின்றன, வந்து பார் என்றாள். நான் கெட்டியான ஃபோம் வெட்டி, தண்ணீர் இறங்காத ரெக்சின் உறை தைத்துப் போட்டேன். ஓரத் தையல் உடம்பில் உரசாதபடி உள்பக்கம் மடித்து அடித்தேன். அப்போதுதான் அங்கே படுத்திருந்த ஒரு லாரி டிரைவரோடு பழக்கமானது.

டிரைவர் லாரியில் சுமைக்கு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மனைவி தன் அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். என் தொழிலைக் கேட்டதும், "இந்த ஆள் தைச்ச சீட்டுல உட்கார்ந்துதான் டீச்சரம்மா என் இடுப்பு போச்சு" என்றார்.

"மேலயிருந்து விழுந்தீங்கன்னு சொன்னாங்களே" என்றேன்.

"விழுந்தது அப்புறம். உன் சீட்டுல உட்கார முடியாமத்தானே மேலயே ஏறினேன்."

அவர் கட்டிலுக்கு வாய்த்தவன் ஒரு நெட்டைப் பையன். முதல் நாள் கால்களை மாற்றி மாற்றி வைத்து நின்றான்.

"என்ன தம்பி, பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி நெளியறே?"

"அண்ணே, பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை வரைக்கும்தான் வருவேன். அதுக்கப்புறம் வரமாட்டேன்."

"வந்ததும் வராததுமா போற கதையா? சரி, நானும் சொல்லிடறேன். நான் எங்கேயும் போகமாட்டேன்."

அன்றே அவனுக்குக் கிளீனர் என்று பெயர் வைத்துவிட்டார். அவனும் அதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தான். உணர்ச்சியற்ற உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால் புண் வந்துவிடும். பக்கம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கூடம் முழுவதற்கும் ஒரே ஒரு ஆயாம்மாதான். டிரைவருக்குக் கைகளில் நல்ல பலம் இருந்தது. கட்டிலுக்கு மேலே ஒரு குழாயை வளைத்து மாட்டி, அதில் பிடித்துத் தொங்கப் பட்டை இருந்தால் அவரே திரும்பிக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னவன் அந்தப் பையன். நான் சீட் பெல்ட் பட்டையை இரட்டையாக மடித்துத் தைத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை மத்தியானம் அந்தக் கூடமே வேடிக்கை பார்க்கும். டிரைவர் பட்டையைப் பிடித்து இழுப்பார். பையன் கட்டில் கம்பியை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே, லாரியைப் பின்னால் எடுக்கும்போது கத்துவது போல, "வரட்டும், வரட்டும், இடம் இருக்கு, இன்னும் வரட்டும், லெஃப்ட்ல ஒடிச்சு வாங்க" என்பான்.

"இடம் இருக்காடா? போன தடவை சுவத்துல இடிச்சே."

"தாராளமா இருக்குண்ணே. பஸ்ஸே போகும்."

மற்ற நாட்களிலும் டிரைவர் தானே திரும்பிக்கொள்ளப் பழகினார். சனிக்கிழமை கிளீனரிடம் காட்ட வேண்டுமே. ஆயாம்மாவுக்கு ஒரு கட்டில் வேலை குறைந்தது. வந்தால், "நான் திரும்பிட்டேன், நீ அடுத்த வண்டியைப் பாரு" என்று அனுப்பிவிடுவார்.

கடைசி சனிக்கிழமை வந்தது. பிள்ளைகள் ஒவ்வொரு கட்டிலாக நின்று விடைபெற்றார்கள். கூடத்தின் மறுகோடியில் ஒரு பாட்டி ஒரு பெண்ணின் கையை விடாமல் பிடித்துக்கொண்டதால் தங்கை அங்கே நின்றிருந்தாள். இந்தக் கோடியில் நடந்தது அவளுக்குத் தெரியாது. பிறகு பையனே சொன்னது இது. டிரைவர், "அப்போ அவ்வளவுதானா?" என்று கேட்டிருக்கிறார். இவன், "மத்தவங்களுக்குத்தான்ணே அவ்வளவு. நான் சும்மாவே வருவேன். பரீட்சை முடிஞ்ச சனிக்கிழமை பாருங்க" என்றிருக்கிறான். மனதாரத்தான் சொல்லியிருக்கிறான்.

பரீட்சை முடிந்தது, விடுமுறை வந்தது. புதுப் பிள்ளைகள் சேரும் வரைக்கும் அந்த இல்லத்துக்கு யாரும் போவதில்லை. விடுமுறை முடியும் தறுவாயில், உறைகளை மாற்ற நானும் தங்கையும் போனோம். டிரைவர் எங்களைப் பார்த்துவிட்டு, எங்களுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"கிளீனர் வரலையா டீச்சரம்மா?"

"அவன் வரமாட்டான்னு அப்பவே சொன்னானே."

"அது முதல்ல சொன்னது. அப்புறம் வரேன்னான்."

என் தங்கை மேலே தொங்கிய பட்டையைத் தொட்டாள். விரலில் தூசி ஒட்டியது. அவருடைய போர்வையை விலக்கினாள். வாடை அதற்கு முன்பே எனக்கு வந்துவிட்டிருந்தது. மூத்திர வாடை என்று நினைத்திருந்தேன். ஆயாம்மாவும் நானும் பிடித்துத் திருப்பினோம். இடுப்புக்குக் கீழே, நடுவில், ஒரு கைமுஷ்டி நுழையும் அளவு குழி. நான் தைத்த உறை அந்த இடத்தில் கறுத்துப்போயிருந்தது.

"திரும்பிட்டேன் திரும்பிட்டேன்னு தினமும் சொல்லுவாரும்மா" என்று ஆயாம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "நான் நம்பிட்டேனே."

"ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்றாள் தங்கை.

"அவன் வந்ததும் திரும்பிக்கலாம்னு இருந்தேன்" என்றார் டிரைவர். "வலி ஒண்ணும் இல்லையே."

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். புண் எலும்பைத் தொட்டுவிட்டது, முதுகில் படுக்காமல் பக்கம் மாறிக்கொண்டே இருந்தால் ஆற வழி உண்டு, இல்லாவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்றார் மருத்துவர். நர்ஸ்கள் திருப்பிவிடுவார்கள். அவர்கள் அந்தப் பக்கம் போனதும் டிரைவர் கையை ஊன்றி மறுபடி மல்லாந்து விடுவார். கேட்டால், "கிளீனர் வரட்டும், பார்க்கலாம்" என்பார். காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது.

தங்கை பையனுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. அவன் வெளியூரில் ஒரு கம்பெனியில் வேலைப் பயிற்சிக்குச் சேர்ந்திருப்பதாக அவன் அம்மா சொன்னாள். நாங்கள் காலை பஸ்ஸில் போய் இறங்கினோம். கழுத்தில் அடையாள அட்டையோடு வெளியே வந்தவன், தங்கையைப் பார்த்ததும் அந்த அட்டையைச் சட்டைப் பைக்குள் திணித்தான். கம்பெனி கேன்டீனில் உட்கார வைத்து அவள் எல்லாவற்றையும் சொன்னாள். புண்ணின் அளவைக்கூட விடவில்லை.

"போகணும்னுதான் இருந்தேன் மேடம்" என்றான். "ஒரு வாரம் தள்ளிப்போச்சு. அடுத்த வாரமும் போச்சு. அப்புறம் எந்த முகத்தோட போறதுன்னு வெட்கமா ஆயிடுச்சு."

"உன் வெட்கம் உன்னோட. புண்ணு அவரோட."

"போன்ல பேசட்டுமா?"

"போன்ல திருப்ப முடியாது."

அவன் அழ ஆரம்பித்தான். எனக்கே பாவமாக இருந்தது. போதும் விடு என்பது போல அவள் கையைத் தொட்டேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"நீ அவரைப் பார்த்துக்கணும்னு நான் கூப்பிடலை. அது உன்னால ஆகாது. வரேன்னு சொன்ன வாயால, வரமாட்டேன்னு நேர்ல சொல்லணும். அவ்வளவுதான்."

அவன் லீவு சொல்லிவிட்டு எங்களோடு பஸ் ஏறினான். வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

டிரைவர் பாதியாகியிருந்தார். பையனைக் கண்டதும் உதட்டை ஒரு பக்கமாக இழுத்துச் சிரித்தார். "என்ன கிளீனர், லீவு போட்டா முதலாளிகிட்ட சொல்லிட்டுப் போறதில்லையா?"

பையன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேலை, ஊர் என்று என்னவோ சொன்னான்.

"அதெல்லாம் சரி. அடுத்த சனிக்கிழமை வருவியா?"

பக்கத்துக் கட்டில்காரர்கள்கூட இந்தப் பக்கம் பார்த்தார்கள். பையன் என் தங்கையைத் திரும்பிப் பார்த்தான். 'வருவேன்' என்ற சொல் அவன் நாக்கு நுனியில் நிற்பது எனக்கே தெரிந்தது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரமாட்டேன்ணே" என்றான். "இன்னைக்கு மட்டும்தான். இனிமே வரமாட்டேன்."

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்பத்தான்டா கிளீனர் மாதிரி பேசறே" என்றார். "பின்னாடி இடம் இல்லேன்னா இல்லேன்னு சொல்லணும். வரட்டும் வரட்டும்னு சொல்லி வண்டியைக் குழியில இறக்கிட்டியே." பிறகு என் பக்கம் திரும்பினார். "சீட்டுக்காரரே, அந்தப் பட்டை எங்கே?"

பட்டையைக் கழற்றி என் பையிலேயே வைத்திருந்தேன். சேலைன் பாட்டில் மாட்டும் கம்பி தாங்காது என்பதால் கட்டிலின் தலைமாட்டுச் சட்டத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டினேன். அவர் பிடித்து இழுத்தார். பையன் கம்பியைத் தட்டினான். "வரட்டும், வரட்டும்" என்றான். டிரைவர் பக்கவாட்டில் திரும்பி, சுவரைப் பார்த்தபடி படுத்தார். நர்ஸ் முதுகுக்குத் தலையணை வைத்தாள். அவன் போகும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் அடம் பிடிக்கவில்லை. சொன்ன நேரமெல்லாம் திரும்பினார். புண்ணின் ஓரத்தில் சிவப்பாகப் புதுச் சதைகூடத் தெரிந்தது. ஆனால் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது. மழை தொடங்கும் முன்பே போய்விட்டார். மனைவியின் அண்ணன் வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனார். என் தங்கை கேட்டிருந்தால் பையனுக்குத் தகவல் சொல்லியிருப்பேன். அவள் தானே சொன்னாள். அதையும் போனில் சொல்லவில்லை. பஸ் ஏறிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

கல்லூரி முதல்வர் அவளைக் கூப்பிட்டார். எந்தப் பையன் என்று கேட்டார். "பொறுப்பு என்னோடது. கடைசி நாள் அந்தக் கட்டில்கிட்ட நான் நிக்கலை" என்றாளாம். சேவை செய்யப் போய்ச் சாவு வீட்டில் நிற்கும் நிலைமை கல்லூரிக்கு வேண்டாம், இனி பிள்ளைகள் பூங்காவில் செடி நடட்டும் என்று முடிவானது. செடி யாருக்காகவும் தலை வாரிக் காத்திருக்காது என்று நினைத்தாரோ என்னவோ.

அடுத்த சனிக்கிழமை அவள் இல்லத்துக்குக் கிளம்பினாள். "அதான் நிறுத்திட்டாங்களே, ஏன் போறே?" என்றேன். "நிறுத்தினதை அவங்ககிட்ட யார் சொன்னா?" என்றாள்.

நானும் போனேன். புதுப் பிள்ளைகள் வருவார்கள் என்று கூடத்தில் பலர் தலை வாரியிருந்தார்கள். அவள் முதல் கட்டிலில் ஆரம்பித்தாள். பிள்ளைகள் இனி வரமாட்டார்கள், நானும் வரமாட்டேன், இன்றைக்குத்தான் கடைசி. ஒவ்வொரு கட்டிலிலும் அதையே, குரலை மாற்றாமல் சொன்னாள். சிலர் திட்டினார்கள். அந்தப் பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒருவர், "அப்போ எதுக்கும்மா வந்தீங்க?" என்றார். அவள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள்.

டிரைவரின் கட்டிலில் புதிதாக ஒருவர் படுத்திருந்தார். வயதானவர், முந்தின நாள்தான் சேர்த்திருக்கிறார்கள். மேலே அந்த வளைந்த குழாய் மட்டும் இருந்தது. நான் கட்டிலைத் தாண்டி வாசலுக்கு நடந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவள் அங்கேயும் நிற்கிறாள்.

"நீங்க யாரும்மா?" என்றார் அவர்.

தான் யார் என்று சொன்னாள். பிறகு, இனி வரமாட்டேன் என்பதையும் சொன்னாள்.

"சரிம்மா" என்றார் அவர், ஒன்றும் புரியாமல்.