காதுக்கு மட்டும் ஒரு விலக்கு

"மொளகா காரமுங்க. நெஞ்செரியலாம், கண்ணு கலங்கலாம், ராத்திரி வவுறு சத்தம் போடலாம். சம்மதமுங்களா?"

எண்ணெயிலிருந்து எடுத்த பஜ்ஜியைக் கரண்டியிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு புவனேஸ்வரி கேட்கிறார். ஏற்காடு ஏரியில் படகு விட்டுக் களைத்து வந்த இளைஞர் விழிக்கிறார். தலையாட்டினால் போதாது, வாயால் சொல்ல வேண்டும். "பாதி தின்னுபோட்டு வேண்டாம்னாலும் உட்டுரலாமுங்க. காரணம் சொல்லோணும்னு இல்லீங்க" என்று உரிமைகளையும் விளக்கிய பிறகே பஜ்ஜி காகிதத்தில் இறங்கும். அதற்குள் அது ஆறியிருக்கும். ஆறிய பஜ்ஜியின் அபாயங்கள் தனியாக விளக்கப்படும்.

இந்தக் கண்டிப்பு சேலத்தில் வந்தது. அங்கே மரபணு ஆராய்ச்சி செய்யும் மருத்துவமனை ஒன்றில், ஆராய்ச்சிக்கு ஆளாகிறவர்களிடம் முறையாகச் சம்மதம் வாங்கினார்களா என்று பார்க்கும் நெறிமுறைக் குழு உண்டு. அதில் டாக்டர்கள் எத்தனை பேர் உட்கார்ந்தாலும், மருத்துவம் படிக்காத சாமானியர் ஒருவர் இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது. பஜ்ஜி தின்ன வந்த குழுச் செயலாளர், இவரைவிடச் சாமானியர் கிடைக்க மாட்டார் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டார். அன்று முதல் மாதம் ஒருமுறை, கடையைக் கணவர் பெரியண்ணனிடம் விட்டுவிட்டு, புவனேஸ்வரி அறிவியலைக் கண்காணிக்க பஸ் ஏறுகிறார்.

மலை மக்களின் எச்சிலை வாங்கி மரபணுவைப் படிக்கும் திட்டம் வந்தபோது இவர் கேட்ட முதல் கேள்வி, "மிச்ச எச்சில என்ன பண்ணுவீங்க?" ஃப்ரிட்ஜில் வைப்போம் என்றார்கள். "அதுல தயிரும் இருக்குமுங்களா?" என்பது இரண்டாவது கேள்வி. இரண்டும் கூட்டக் குறிப்பில் உள்ளன.

பெரியண்ணனைப் பற்றிச் சொல்லும்போது அவர் காதுகளை முதலில் சொல்லிவிடுவது நல்லது; எப்படியும் அவைதான் முதலில் வரும். அப்பா, தாத்தா வழியில் வந்தவை. ஏரிக்காற்று பலமாக அடித்தால் முன்பக்கம் மடியும். ஹெல்மெட் எங்கே என்று ஒண்டிக்கடை முக்கில் வண்டியை மடக்கிய போலீஸ்காரர், தன்னுடையதை இவர் தலையில் மாட்டிப் பார்த்து, காதைத் தாண்டி இறங்காததால், கடைசியில் பத்திரமாகப் போகச் சொல்லிவிட்டார். "அத்தாம்பெரிய காதுல நாஞ் சொல்றது மட்டும் உழுவறதில்லீங்க" என்பது புவனேஸ்வரியின் நீண்டகாலக் குறை.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் புவனேஸ்வரியின் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியது. ஊரே சந்தோஷப்பட்டது. அவருக்கு மட்டும் ஒரே ஒரு கவலை. அது இரண்டாக, பக்கத்துக்கு ஒன்றாக, அவர் கண்ணெதிரே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயம் பார்த்துக் குழுவில் ஒரு வகுப்பு. கருவிலேயே மரபணுவைத் திருத்திப் பிள்ளை பெறுவது தடை செய்யப்பட்டது என்று டாக்டர் சௌமியா விளக்கினார்.

"காது மட்டும்னா?" என்றார் புவனேஸ்வரி.

"காதும் கூடாதுங்க. அந்த மாத்தம் வழிவழியாப் போகும். பொறக்காத குழந்தைகிட்ட யாரு சம்மதம் வாங்கறது?"

"அது ஞாயமுங்க" என்று முதல் ஆளாகக் கை தூக்கினார். பஸ் மலையேறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அந்தக் கையைத் திட்டிக்கொண்டே வந்தார்.

அடுத்த கூட்டத்தில், காதுக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். சொந்தக் காரியம் என்பதால் விவாதம் முடியும்வரை வெளியே இருக்கச் சொன்னார்கள். போனார். சாமானியர் இல்லாமல் கூட்டம் செல்லாது என்று உள்ளே கூப்பிட்டார்கள். வந்தார். சொந்தக் காரியம் என்று மறுபடி வெளியே அனுப்பினார்கள். "ஏனுங்க, வவுத்துப் புள்ளக்காரிய இப்படி நடக்க உடலாமுங்களா? இதுக்கு எங்கிட்டச் சம்மதம் வாங்கினீங்களா?" என்று அவர் வாசலிலிருந்து கேட்க, குழு டீ குடித்துவிட்டுக் கலைந்தது. தீர்மானம் இன்றுவரை கதவருகிலேயே நிற்கிறது.

ஐப்பசி மழையில் பெண் குழந்தை பிறந்தது. காதுகள் எந்தத் திருத்தமும் இல்லாமல், முழுமையாக, அப்படியே வந்து சேர்ந்தன.

பக்கத்து வீட்டு மீனாட்சி அக்கா குழந்தையைக் குளிப்பாட்ட வந்தார். மூக்கை நீவி எடுப்பாக்குவதிலும், தலையை உருட்டி அழகாக்குவதிலும் கை தேர்ந்தவர். எந்தக் குழுவும் அவரைக் கேள்வி கேட்டதில்லை. "இதென்ன பிரமாதம்? தெனம் எண்ணெ வெச்சு அமுக்கி, துணியால கட்டி உட்டா காது ஒட்டிக்கும். ஒருத்தருக்கும் தெரியாது போ" என்றார்.

புவனேஸ்வரியின் முகம் மலர்ந்தது. "குடுங்கக்கா, நானே பண்ணறேன்" என்று வெதுவெதுப்பான எண்ணெயை உள்ளங்கை நிறைய வாங்கிக்கொண்டார். காதருகே கொண்டுபோன கை நின்றது.

"கண்ணு, அம்மா காத அமுக்கட்டுமா? கொஞ்சம் வலிக்கும். வேண்டாம்னாலும் உட்டுரலாம். சம்மதமா சாமி?"

குழந்தை கொட்டாவி விட்டது. புவனேஸ்வரி காத்திருந்தார். மீனாட்சி அக்கா தலையில் அடித்துக்கொண்டார். குழந்தை தூங்கிப்போனது.

"ஏனுங்க, இங்க வந்து கொஞ்சம் குனியுங்க" என்று கணவரைக் கூப்பிட்டார். எதற்கென்று தெரியாமல் பெரியண்ணன் வந்து குனிந்தார். உள்ளங்கை எண்ணெய் முழுவதையும் அவருடைய இரண்டு காதுகளிலும் நிதானமாகத் தேய்த்துவிட்டார் புவனேஸ்வரி, சம்மதம் கேட்காமலே.