அப்பா எடுக்காத பலகைகள்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், உறவினர்க்கும் நண்பர்க்கும் மகளாகிய நான் இந்த நினைவு மலரில் இதை எழுதுகிறேன். அவர்மேல் விழுந்த பழியைப் பற்றி இதுவரை வீட்டுக்குள்தான் பேசினோம். இனி வெளியிலும் பேசுவோம்.

அப்பா இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயம் ஒன்றில் பிறந்தார். வாலிப வயதில் பெற்றோருடன் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மலை ரயிலில் நீலகிரி சேர்ந்தார். எஸ்டேட்டில் வீடு கிடைக்கும்வரை எங்கள் ஊர் ரயில் நிலையத்தின் காத்திருப்பு அறையே அவர்களுக்கு வீடு. அந்தக் கற்சுவர்கள் குளிரை உள்ளே விடவில்லை என்று கடைசிவரை சொல்வார்.

வெள்ளைக்காரர்கள் தேயிலைப் பெட்டிகளைக் கீழே அனுப்பவும் தாங்கள் மேலே வரவும் கட்டிய நிலையம் அது. மலைக்கல்லைச் செதுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய சுவர்கள், மழை தங்காத சரிவுக் கூரை, வார்ப்பிரும்புத் தூண்கள், கூரை விளிம்பு நெடுகப் பூவேலை செய்த தேக்குப் பலகைகள். பாறை உடைத்து மாண்ட கூலிகளின் பெயர் அங்கே எந்தக் கல்லிலும் இல்லை. திறந்து வைத்த துரையின் பெயர் மட்டும் இருக்கிறது.

தேயிலை விலை விழுந்த வருடங்களில் எஸ்டேட்டை மூடினார்கள். பலர் திருப்பூருக்குப் போனார்கள். அப்பா, நிலையத்தைப் புதுப்பிக்க வந்த காண்ட்ராக்டரிடம் தினக்கூலிக்குச் சேர்ந்தார். பலகைகளைக் கழற்றித் துடைத்து அடுக்குவது அவர் வேலை. அவற்றில் பாதியைக் காண்ட்ராக்டரின் ஆட்களே லாரியில் ஏற்றிப்போனார்கள். யாராவது கேட்டால் உளுத்துப்போய் எரித்துவிட்டோம் என்று சொல்லும்படி காண்ட்ராக்டர் எல்லோருக்கும் உத்தரவிட்டார்.

"அது நல்ல தேக்குங்க. உளுத்ததுன்னு சொல்ல எனக்கு ஏலாது" என்றார் அப்பா.

மறுநாளே, பலகைகளைத் திருடியது அப்பாதான் என்று காண்ட்ராக்டர் புகார் கொடுத்தார். எங்கள் லயத்திலேயே குடியிருந்து, அப்பாவுடன் வேலை செய்தவர் போலீஸில் அதற்குச் சாட்சி சொன்னார். பகல் முழுதும் அப்பாவைத் தரையில் உட்காரவைத்தார்கள். வீட்டைப் புரட்டியும் ஒரு சிராய்கூடக் கிடைக்காததால் விட்டுவிட்டார்கள். ஊர் விடவில்லை. திருட்டுப் பட்டம் வாங்கியவரை யார் வேலைக்கு வைப்பார்கள்? அப்பா பஸ் ஏறி, தொலைவிலுள்ள நடுவட்டத்துக்குப் போய்க் கூலி வேலை செய்துதான் பிழைத்தார். காண்ட்ராக்டர் கட்டிய விருந்தினர் மாளிகையின் வாசலில் அதே பூவேலைப் பலகைகள் தொங்கியதை ஊரே பார்த்தது. ஒருவரும் கேட்கவில்லை. புதுப்பித்த நிலையத்தின் திறப்பு விழாவில் காண்ட்ராக்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

நுரையீரல் கெட்டு அப்பா இறந்தபோது, அந்தச் சாட்சிக்காரர் மாலையுடன் வந்தார். அம்மா வாசலிலேயே அவரை நிறுத்தினார்.

"மாலை அப்புறம் போடலாமுங்க. அன்னைக்குப் போலீஸ்ல சொன்னது நெசமா பொய்யான்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

அவர் மாலையைக் கீழே வைத்தார். "எஸ்டேட் மூடிக் கெடந்துச்சுங்க. இருக்கற வேலையும் போயிருமுன்னு பயந்துட்டேன். அண்ணன் எடுக்கலைங்க."

"சத்தமா" என்றார் அம்மா.

அவர் அழுதுகொண்டே உரக்கச் சொன்னார். அதன் பிறகே அப்பாவைத் தூக்க அம்மா சம்மதித்தார்.

அன்று காவல் நிலைய வாசலில் பகலெல்லாம் எங்களோடு உட்கார்ந்திருந்த டீக்கடை அக்காவுக்கும், அப்பாவுக்காகப் பேச வந்த ஒரே மனிதரான ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஐயாவுக்கும், இறுதிவரை பார்த்துக்கொண்ட அரசு மருத்துவமனைச் செவிலியர்க்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. காண்ட்ராக்டருக்கு நன்றி சொல்ல எதுவுமில்லை. இம்மலரின் பிரதி ஒன்றை மட்டும் அவர் வீட்டு வாசலில் நானே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன்.