கல்லோடு வந்தவன்

கடலுக்கடியில் போவதற்கு முன்பே நான் தறிப் பட்டறை வேலையை விட்டுவிட்டேன். சும்மா விடவில்லை. "இனி இந்தத் தறிக் குழிக்குள்ள கால வெக்க மாட்டன், நான் சுழியோடப் போறன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் மருதமுனை நெசவாளி ஒருவன் அப்படிச் சொன்னால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். தெரிந்தது. சுழியோடி வேலை கிடைக்காவிட்டால் எல்லோரும் பார்த்திருக்க, திரும்பவும் முதலாளியின் முகத்தில் விழிக்க வேண்டும்.

வடக்கே எட்டுப் பாகம், ஏறக்குறைய ஐம்பது அடி ஆழத்தில் ஒரு பழைய கப்பல் கிடந்தது. அதில் பித்தளை கழற்ற ஒரு தோணிக்காரர் ஆள் தேடினார். கப்பலுக்குள் நுழைந்து வெளியே வரும் வேலை என்பதால் கண்டவனையும் தோணியில் ஏற்ற மாட்டார் என்று பேச்சு. எனக்கிருந்த அனுபவம் கரையோரம் குளித்ததுதான். அந்தக் குறையை மனு எழுதுபவரைக் கொண்டு தீர்த்துக்கொண்டேன். மன்னாரில் பத்து வருடம் சங்கு குளித்தவன் என்று அழகான கையெழுத்தில் எழுதித் தந்தார்.

"எனக்கு வாசிக்கத் தெரியா தம்பி, நீயே வாசி" என்றார் தோணிக்காரர். வாசித்தேன். பத்து வருடத்தைப் பன்னிரண்டாக்கினேன். மனு எழுதியவரின் கஞ்சத்தனம் எனக்குப் பிடிக்கவில்லை.

"இப்ப ஒனக்கு எத்தின வயசு?"

"இருவத்திரெண்டு, காக்கா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னேன்.

அவர் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். "கீழ போகக்குள்ள காது வலிச்சா என்ன செய்வாய்?"

"எனக்கு வலிக்கிறல்ல காக்கா."

"மாஷா அல்லாஹ்" என்றார். நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் தோணியில் என்னை ஏற்றிக்கொண்டு போய், கரையிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் நிறுத்தினார். கீழே நாலு பாகத்தில் ஒரு அம்மிக்குழவி கிடக்கிறது, எடுத்துவா என்றார். அன்று பட்டறைகளுக்கு விடுமுறை. தறிக்காரர்கள் முழுப்பேரும் கரையில் நின்றார்கள், முதலாளியும் நின்றார்.

காது வலித்தது. அப்படியொரு வலி. குழவி பாறை இடுக்கில் சிக்கிக் கிடந்தது. இழுத்தேன், வரவில்லை. மூச்சும் முடிந்துவிட்டது. விட்டுவிட்டு மேலே போகலாம் என்று நினைத்தபோது கரையில் நின்ற முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எப்படிப் பிடுங்கினேன், எப்படி மேலே வந்தேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. மூக்கால் இரத்தம் வடிந்தது. குழவி கையில் இருந்தது. கரையில் ஒரே ஆரவாரம்.

தோணிக்காரர் தன் தோள்துண்டால் என் மூக்கைத் துடைத்தார். "நீ வேணாம் தம்பி" என்றார்.

"எடுத்திட்டு வந்தனே காக்கா."

"அதாலதான் வேணாம். இடுக்குக்குள்ள அத இறுக்கி வெச்சதே நான்தான். பழகினவன் ரெண்டு தரம் இழுத்துப் பாப்பான். வராட்டி விட்டுட்டு மேல வந்து என்னோட சண்ட புடிப்பான். நீ மூச்சு முடிஞ்ச பொறகும் கல்ல விடல்ல. நீ கடலுக்குப் பயப்படல்ல, கரைக்குப் பயந்திரிக்காய். ஒன்னக் கப்பலுக்குள்ள விட்டா மையத்தாத்தான் எடுப்பன், உசிரோட இல்ல."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை என்று அப்போதே தெரிந்தது.

சனிக்கிழமை காலை பட்டறை வாசலில் போய் நின்றேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வாய் திறக்குமுன் முதலாளி என் தோளில் தட்டினார்.

"எல்லாம் பாத்தன், கேள்வியும் பட்டன். கல்லோட வந்தாயே. அந்த மனிசன் பொறாம புடிச்ச எரிச்சல்லதான் ஒன்ன வேணாமெண்டிருக்கான்."

தறிக்காரர்கள் எல்லோரும் ஓம், ஓம் என்று தலையாட்டினார்கள். ஒருவர் தோணிக்காரரைக் கெட்ட வார்த்தையால் ஏசினார். தோணிக்காரரோ என் உயிரைக் காப்பாற்றிய மனிதர்.

"ஓம் முதலாளி" என்றேன். "அவருக்கு எரிச்சல்தான்."