முப்பது மடங்கு தூரத்தில் பாக்கியம்

வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் மையத்துக்கு ரயிலில் போகிறேன். பதினோரு நிறுத்தம். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நான்காவது நிறுத்தத்தில் ஏறிய ஒரு பெண் எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். தலைமுடியில் பாதி பச்சை. கழுத்தில் ஒரு கறுப்பு வார், அதன் நுனியில் என் கேமரா. என் கேமரா என்றால், இருபது இருபத்தைந்து வருஷத்துக்கு முன் நான் வைத்திருந்த அதே மாடல். மூக்கு நீண்ட டிஜிட்டல் ஜூம் கேமரா. இடுப்பில் அதே வெள்ளி வளையம், தலையில் அதே சின்னப் பல்பு. எட்மன்டன் நகரத்தில், வெளியே பதினெட்டு டிகிரி மைனஸில், நான் தலைமுழுகிய சனியனை ஒரு பிள்ளை, நகை மாதிரி அணிந்துகொண்டு வருகிறது.

"அது ரொம்பப் பழசு," என்று ஆங்கிலத்தில் எச்சரித்தேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நன்றி!" என்றாள். நான் விடுவேனா? "நான் நாலு வருஷம் வைத்திருந்தேன். படம் புள்ளி புள்ளியாக விழும். பட்டனை அழுத்தினால் தூங்கி எழுந்துதான் எடுக்கும்," என்றேன். "ஆமாம், அதுதானே அழகு! நீங்கள் அதிர்ஷ்டசாலி," என்றாள். அவளுக்கு வயது இருபதுக்கு மேல் இராது, அந்தக் கேமரா அவளைவிட மூத்தது. நாங்கள் திட்டித் தீர்த்த குறைகளை எல்லாம் இந்த ஊர் இளசுகள் 'விண்டேஜ்' என்று பெயர் வைத்துத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். ஒன்பதாவது நிறுத்தத்தில் இறங்கும்போது என்னை ஒரு படம் எடுத்தாள். ஒன்று, இரண்டு என்று நான் எண்ணி முடித்த பிறகுதான் கிளிக் என்றது. அதில் என் காதுதான் விழுந்திருக்கும்.

அந்தக் காலத்தில் விருதுநகர்ப் பக்கம் எனக்குத் தெரிந்து இந்த மாடலுக்கு மூன்றே சொந்தக்காரர்கள். நான் சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் தாள் எண்ணிச் சரிபார்க்கிற வேலையில் இருந்தேன். என் மச்சினன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தான். எங்கள் பிரஸ் முதலாளி ஒன்று வாங்கினார். மூன்றாவது, மெயின் பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்த காஜா பாய். பாய் அதில் ஒரு படமும் எடுத்ததில்லை. கடைக் கண்ணாடி அலமாரியில் தராசுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். "என்ன பாய், எடுக்கிறதில்லையா?" என்றால், "நாலு பேட்டரி செல்லு போட்டா முப்பது படத்துல செத்துப்போகுது அண்ணாச்சி. சும்மா இருந்தா எம்புட்டு அழகா இருக்கு பாருங்க," என்பார். மூன்று பேரில் புத்திசாலி அவர்தான்.

கேமரா வந்த பெட்டியின்மேல் பெரிதாக 'முப்பது மடங்கு ஜூம்' என்று போட்டிருந்தது. அதில் பத்து மடங்குதான் கண்ணாடி செய்கிற வேலை. மீதி, இருக்கிற புள்ளிகளை ஊதிப் பெரிதாக்குகிற பித்தலாட்டம். முதலாளியின் மைதானத்தில் பட்டாசு ஆலைக்காரர்கள் புதிய வாணம் சோதிக்கும்போது அதைப் பிடித்து லேபிளில் போட்டுவிடலாம் என்று திட்டமிட்டோம். வாணம் மேலே போய் விரியும், நான் அழுத்துவேன், கேமரா யோசிக்கும். யோசித்து முடித்து எடுக்கும்போது வானத்தில் புகை மட்டும் நிற்கும். நான் எடுத்தவை மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. லேபிள் எண்பத்தெட்டு, புகை நாற்பத்து மூன்று, என் கட்டைவிரல் பன்னிரண்டு. மிச்சம் எழுபத்தொன்று என் மனைவி பாக்கியம்.

இந்தக் குப்பையை இப்போது எண்ணிக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. நான் மகன் சேகரோடு இங்கே வந்து எட்டு வருஷம் ஆகிறது. பாக்கியம் வரவில்லை, படுக்கையில் கிடந்த தன் தாயை விட்டுவிட்டு வர மாட்டேன் என்றாள். வந்த மூன்றாம் வருஷம் என் சிறுநீரகம் கைவிட்டது. இப்போது என் ரத்தத்தைக் கழுவுகிற எந்திரத்துக்கும் எனக்கும் நடுவே மூன்று நாளுக்கு மேல் இடைவெளி விழக்கூடாது, என்னால் ஊருக்குப் போக முடியாது. போன வருஷம் மாமியார் காலமானார். கார்த்திகையில் பாக்கியம் குளியலறையில் வழுக்கி விழுந்து, பால்காரர் வந்து கதவைத் தட்டும்வரை தரையில் கிடந்தாள். இரண்டே கால் மணி நேரம். அப்போது நான் இங்கே டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். அவளை இங்கே அழைத்துக்கொள்ள அன்றைக்கே சேகரிடம் விண்ணப்பம் எழுதச் சொன்னேன்.

விண்ணப்பம் எழுதித் தருவதற்கென்று இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு அமைந்தவர் லின்டா என்கிற அம்மாள். நல்லவர், ஆனால் எதற்கும் தாள் கேட்பவர். "எட்டு வருஷம் பிரிந்து இருக்கிறீர்கள். உண்மையான திருமணம்தான் என்று காட்ட வேண்டும். பதிவுச் சான்றிதழ்?" என்றார். எங்கள் காலத்தில் சாத்தூர்ப் பக்கம் எவன் கல்யாணத்தைப் பதிவு செய்தான்? ஊரே வந்து சாப்பிட்டுப் போனால் அதுதான் பதிவு. "திருமண ஆல்பம்?" கறையான் தின்றுவிட்டது. பன்னிரண்டு படத்தில் தப்பித்தது ஒன்று. அதில் என் மாமனாரும் ஒரு அண்டாவும்தான் இருக்கிறார்கள். "சேர்ந்து வாழ்ந்த காலத்தின் படங்கள், தேதியோடு?" அப்போதுதான் சி.டி.யில் ஏற்றி வைத்திருந்த அந்த எழுபத்தொன்றும் ஞாபகம் வந்தது. பெருமையாகக் கொடுத்தேன்.

மறுவாரம் என்னையும் சேகரையும் கூப்பிட்டார். கணினியில் படங்களை வரிசையாகத் திறந்து வைத்திருந்தார். மொட்டை மாடியில் வத்தல் காயப்போடும் பாக்கியம். இருக்கன்குடி ஆற்று மணலில் பொங்கல் பானைக்கு முன்னால் பாக்கியம். சூலக்கரை பஸ் நிறுத்தத்தில் பாக்கியம். கல்யாண வீட்டுப் பந்தியில் இலையைப் பார்த்துக் குனிந்திருக்கும் பாக்கியம். முகம் தெரிவது பத்தொன்பதில், மற்றதில் பின்கழுத்தும் கொண்டையும். முழு ஜூமில் எடுத்ததில் அவள் மூக்கு பதினான்கு சதுரப் புள்ளி.

"இதில் எதிலும் நீங்கள் இல்லையே?" என்றார் லின்டா.

"எடுப்பவன் எப்படிப் படத்தில் இருப்பான்?"

"எல்லாம் தூரத்திலிருந்து எடுத்த மாதிரி இருக்கிறது."

"நாற்பது அடி, ஐம்பது அடி. ஜூம் அல்லவா," என்றேன்.

"படம் எடுப்பது இவருக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றேன் திருப்தியோடு. "தெரிந்தால் திட்டுவாள்."

அந்த அம்மாள் இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். சேகர் என் முழங்காலை இடித்தான். எனக்கு விளங்கவில்லை. லின்டா மென்மையாக, நோயாளியிடம் பேசுவதுபோல் சொன்னார்: "ஐயா, இவற்றைப் பார்க்கிற அதிகாரி, ஒரு ஆள் ஒரு பெண்ணை அவளுக்குத் தெரியாமல் பின்தொடர்ந்திருக்கிறான் என்றுதான் நினைப்பார்." நாற்பத்தாறு வருஷம் ஒரே அடுப்பில் சாப்பிட்டவனைப் பார்த்து! இந்த ஊரில் நாயைக்கூட அனுமதி கேட்டுத்தான் படம் எடுப்பார்கள் போலிருக்கிறது.

அதோடு விடவில்லை. "இன்னொன்று. எல்லாப் படத்திலும் ஒரே தேதி. இரண்டாயிரம், ஜனவரி ஒன்று. ஒரே நாளில் இத்தனை சேலையா?" என்றார்.

இங்கேதான் நான் எங்கள் ஊர்ப் பழக்கத்தை விளக்க வேண்டியிருந்தது. அச்சான லேபிளைக் காட்டி ஒப்புதல் வாங்க, எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலைக்கு வாரம் இரண்டு தடவை போவேன். கேட்டில் தீப்பெட்டி, பீடி, டார்ச் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாட்ச்மேன் என் பையைத் தடவிப் பார்ப்பார். "அண்ணாச்சி, இந்த டப்பாக்குள்ள செல்லு இருக்கா? கழட்டி இங்கன வச்சிட்டுப் போங்க. படம் அப்புறமாப் புடிக்கலாம், மொதல்ல உசுரோட வெளிய வாங்க." அவரை நம்பிக் கேமராவை விட்டுப்போக எனக்கு மனமில்லை. ஆகவே செல் நான்கையும் அவரிடம் எண்ணிக் கொடுத்துவிட்டு, செத்த கேமராவை நான் சுமந்துபோவேன். திரும்பி வரும்போது அவருடைய ரேடியோ என் செல்லில் பாடிக்கொண்டிருக்கும்.

செல்லைக் கழற்றினால் அந்தக் கேமராவுக்குப் புத்தி பேதலித்துவிடும். மறுபடி போட்டதும் தான் பிறந்த நாளுக்குப் போய் நிற்கும். தேதி திருத்தப் பட்டனை முப்பது தடவைக்குமேல் அழுத்த வேண்டும். அடுத்த கேட்டில் மறுபடி கழற்றத்தானே போகிறோம் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்குள்ளும் அப்படித்தான், படம் எடுத்து முடிந்ததும் கை தானாகச் செல்லைக் கழற்றிவிடும். எங்கள் ஊர் வீடுகளில் போய்ப் பாருங்கள், கடிகாரம் தவிர எதிலும் செல் மாட்டியபடி இராது. தேதிக்கு நான் தனியாக நோட்டுப் போட்டு எழுதிவைத்தேன். அந்த நோட்டை லின்டாவிடம் காட்டினேன். "இது உங்கள் கையெழுத்து. சாட்சியாகாது," என்றார். கேமரா பொய் சொன்னால் சாட்சி, மனுஷன் உண்மை எழுதினால் சாட்சியில்லை.

சேகர் எல்லாவற்றையும் மொழிபெயர்த்து முடித்தபோது அவர் பேனா நின்றது. "வெடிமருந்து ஆலையா?" என்றார். "லேபிள்! நான் கொண்டுபோனது காகிதம்!" என்று கத்தினேன். "அந்த வார்த்தை வேண்டாம். வாணவேடிக்கை என்று எழுதுவோம்," என்றார். இருபத்தொன்பது வருஷம் தாள் எண்ணியவனுக்கு இந்த நாட்டில் கிடைத்த பட்டம் இரண்டு: பெண்ணைப் பின்தொடர்பவன், வெடி வைப்பவன்.

கடைசியில், உங்கள் மனைவியிடமே கேட்டு எழுதி இணைக்கிறேன் என்றார். சனிக்கிழமை மாலை வீடியோ அழைப்பு, ஊரில் ஞாயிறு காலை. பாக்கியம் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

"ஏலே சேகரு, யாரு இந்தம்மா? ஒல்லியா இருக்காக. சாப்பிட்டாகளா?"

"அம்மா, அவங்க கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அப்பா அந்தக் கேமராவுல உங்களைப் படம் எடுத்தது உங்களுக்குத் தெரியுமா?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். தெரியாது என்றால் என் கதை முடிந்தது.

பாக்கியம் சிரித்தாள். "தெரியாமலா? அந்த டப்பாவ அமுக்குனா விர்ருனு கத்திக்கிட்டு மூக்க நீட்டும். தெருவுல போற மாடே திரும்பிப் பாக்கும், எனக்குத் தெரியாதாக்கும்?"

"அப்ப ஏம்மா தெரியாத மாதிரி இருந்தீங்க?"

"தெரிஞ்ச மாதிரி நின்னா இந்த மனுசர் விடுவாரா? ரெண்டடி தள்ளு, நாடியத் தூக்குன்னு அடுப்புல கொழம்பு வத்துற மட்டும் அளந்துக்கிட்டே இருப்பாரு. அந்தப் பக்கமாத் திரும்பிக்கிட்டு, மனசுக்குள்ள மூணு எண்ணுற வரைக்கும் அசையாம நிப்பேன். அது மூணு எண்ணுனாத்தான புடிக்கும்? பஸ்ஸே வந்து நின்னாலும் ஏற மாட்டேன், மூணு முடிச்சிட்டுத்தான் ஏறுவேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, இதையா அந்தம்மாகிட்டத் தெரியாதுன்னு சொன்னீக? இத்தன வருசமா அப்படியா நெனச்சுக்கிட்டு இருந்தீக?"

இருநூற்றுப் பதினான்கையும் எண்ணிய நான் இதை எண்ணவில்லை. எழுபத்தொரு தடவை, தடவைக்கு மூன்று. அவள் எனக்காக நின்றிருக்கிறாள், நான் ஐம்பது அடிக்கு அப்பால் திருடன் மாதிரி ஒளிந்துகொண்டு, கேமராவைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். லின்டா ஏதோ கேட்டார். சேகர் மொழிபெயர்த்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். லின்டா வெகுநேரம் எழுதினார்.

"போதும்," என்றார். "இருவரும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றே ஒன்று இருந்தால் நல்லது." அதற்கு எங்கே போவது? சேகர் அந்த வீடியோ அழைப்பையே அப்படியே நிறுத்திப் படமாக எடுத்தான். அதை அச்சடித்து விண்ணப்பத்தோடு அனுப்பினோம். அனுப்பி ஐந்து வாரம் ஆகிறது. நேற்று, மருத்துவப் பரிசோதனைக்கு வரச் சொல்லிப் பாக்கியத்துக்குக் கடிதம் வந்திருக்கிறது. லின்டா அதை நல்ல அறிகுறி என்கிறார். நான் எதையும் முன்கூட்டி எண்ணுவதில்லை.

படத்தின் ஒரு பிரதி என் மேசையில் கிடக்கிறது. தாள் முழுக்கப் பாக்கியம், ஈரத் தலையோடு, பின்னால் காலை வெயில். வலது மூலையில் தபால்தலை அளவில் நான், ஸ்வெட்டருக்குள், பின்னால் இருண்ட ஜன்னல். அனுப்பிய பிரதியின் பின்பக்கத்தில் லின்டா ஒட்டித் தந்த அச்சுச் சீட்டில் விவரம் எழுதினேன். பெயர் எழுதிவிட்டேன், உறவு எழுதிவிட்டேன். 'எடுக்கப்பட்ட இடம்' என்று ஒரு கட்டம், ஒரு ஊருக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். விருதுநகர் என்று எழுதினேன். அது பொய்யாகப் பட்டது. பக்கத்தில் எட்மன்டன் என்று சேர்த்தேன். அதுவும் முழு உண்மையில்லை. எழுத்தை எவ்வளவு சிறிதாக்கியும் இரண்டும் உள்ளே அடங்கவில்லை. பின்னது பாதியில் கட்டத்தின் கோட்டைத் தாண்டி வெளியே நிற்க, அப்படியே உறையில் போட்டு ஒட்டினேன்.