ஐந்து வரியில் அடங்காத கடிதம்

கண்டியில் நான் வேலை செய்யும் அரசாங்க அலுவலகத்துக்குத் தமிழில் வரும் கடிதங்களை முதலில் படிப்பவள் நான்தான். படித்து, சிங்களத்தில் ஐந்து வரிக்கு மேற்போகாமல் சுருக்கம் எழுதி, கோப்பின் முன்பக்கத்தில் குத்திவிட வேண்டும். எங்கள் அதிகாரிக்குத் தமிழ் வாசிக்க வராது. அவர் பார்ப்பது அந்த ஐந்து வரியை மட்டும்.

எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. வத்தேகமையில் படித்த காலத்திலேயே சுருக்கம் எழுதும் கேள்விக்கு வகுப்பில் எனக்குத்தான் கூடின புள்ளி. யார் கேட்கிறார், என்ன கேட்கிறார் என்று பார்ப்பேன். மிச்சத்தை வெட்டிவிடுவேன். அழுகை, சாபம், சாமி பெயர் எல்லாம் போய்விடும். "நீங்கள் எழுதினால் எனக்கு ஒரு நிமிடம் போதும்" என்று அதிகாரி சொல்வார்.

மழைக்காலம் தொடங்கியிருந்தபோது அந்தக் கடிதம் வந்தது. ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண், கொப்பித் தாளில் எட்டுப் பக்கம் எழுதியிருந்தார். ஒரே கூரையின் கீழ் வரிசை வீடுகளான அவர்களுடைய லயத்தில் ஏழு குடும்பங்கள். எந்தக் கதவும் சாத்தினால் பொருந்துவதில்லை. சாமி படத்தை எத்தனை தரம் நேராக்கி மாட்டினாலும் மறுநாள் சாய்ந்திருக்கிறது. ஊற்றிலிருந்து பீலியில் வரும் தண்ணீர் செம்மண் நிறமாகிவிட்டது. நாய்கள் வாசலுக்கே வருவதில்லை. ஆறாம் பக்கத்தில் இப்படி இருந்தது: "தரையில காத வச்சா அடியில ஆளுங்க நடக்கிற சத்தம் கேக்குது. ஒரு ஆள் இல்ல. நெறையப் பேரு."

அந்த வரியில் நான் சற்று நின்றேன். பாவம், பயந்துபோயிருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு எழுதினேன். ஏழு குடும்பங்கள் வசிக்கும் லயம் பழுதடைந்துள்ளது. கதவுகள் சரியில்லை. குடிநீர் சுத்தமில்லை. திருத்தித் தரும்படி கேட்கிறார்கள். நாலு வரியிலேயே முடிந்துவிட்டது. அதிகாரி திருத்த வேலைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கையெழுத்திட்டார்.

இரண்டு வாரத்தில் இன்னொரு கடிதம். அதே கையெழுத்து, இந்தத் தடவை பதினொரு பக்கம். பழைய சுருக்கத்தையே மறுபடி எழுதிக் குத்தினேன்.

அடுத்த வாரம் அவரே வந்துவிட்டார். நாற்பது வயதிருக்கும். நனைந்த குடையைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"தமிழ்க் காயிதம் படிக்கிற மிஸ் நீங்கதானா?"

"நான்தாங்க்கா. இருங்க. உங்க காயிதம் கெடச்சிச்சு. திருத்துற பட்டியல்ல போட்டாச்சு."

"நான் வீட்டத் திருத்தச் சொல்லலையே மிஸ்."

கோப்பை எடுத்து என் சுருக்கத்தைத் தமிழில் சொன்னேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவர் இன்னும் ஏதோ வரப்போகிறது என்பதுபோலக் காத்திருந்தார்.

"சத்தத்தப் பத்தி?"

"அதெல்லாம் ஆபீஸ் காயிதத்துல எழுத ஏலாதுங்க்கா."

"பேயின்னு நெனச்சிட்டீங்களா?"

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"அது என்னான்னு எனக்கும் தெரியாது மிஸ்," என்றார். "கேட்டதத்தான் எழுதுனேன். ஒருக்கா வந்து கேட்டுப் பாருங்க."

சனிக்கிழமை போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியபோது நடுப்பகல், ஆனால் மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. லயத்துக்கு ஏறும் பாதையின் எதிர்ப்பக்கத்தில் ஏழெட்டு நாய்கள் மழையில் உட்கார்ந்திருந்தன. எல்லாம் லயத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றும் குரைக்கவில்லை. மேலே சவுக்கு மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன, கீழே குனிந்து எதையோ பார்ப்பவர்களைப் போல.

அவருடைய ஒற்றை அறைக் காம்பராவில் சாக்கு ஒன்றை விரித்துத் தந்தார். முழங்காலிட்டுச் சீமெந்துத் தரையில் காதை வைத்தேன். முதலில் என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதற்கும் கீழே வேறொன்று. வெறுங்காலோடு ஒரு கூட்டம் ஈரச் சரளைக்கல்லில் நடந்துகொண்டே இருப்பது போல. நெருங்கவும் இல்லை, தூரப் போகவும் இல்லை. நடுவே ஒரு கல் இன்னொரு கல்லில் உரசும் சத்தம். தலையைத் தூக்கினேன். வாசலில் லயத்துப் பெண்கள் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கேக்குதா மிஸ்?"

"கேக்குதுங்க்கா."

யாரும் அழவில்லை. ஒருத்தி மட்டும் பெருமூச்சு விட்டாள்.

திரும்பும் பஸ்ஸில், சாய்ந்த மரங்களையும் செம்மண் தண்ணீரையும் அந்தச் சத்தத்தோடு சேர்த்து யோசித்தபோதுதான் மலைக்குள் நீர் ஓடுகிறது என்று பட்டது. திங்கட்கிழமை புதிதாக எழுதினேன். வீடுகளின் தரைக்கடியில் நீர் ஓடும் சத்தம் கேட்கிறது. நானே போய்க் கேட்டேன். மேலே மரங்கள் ஒரே பக்கம் சாய்ந்துள்ளன. ஊற்றுத் தண்ணீர் சேறாக வருகிறது. ஏழு குடும்பங்களையும் உடனே வெளியேற்ற வேண்டும். இந்தத் தடவை சரியாக ஐந்து வரி.

அதிகாரி படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்களே போனீர்களா?" என்று கேட்டுக்கொண்டே தொலைபேசியை எடுத்தார். மறுநாள் மண்சரிவைப் பார்க்கும் உத்தியோகத்தர்கள் போனார்கள். அன்று பின்னேரமே எல்லோரையும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள்.

ஆறாம் நாள் காலை அந்தப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டார். மழை விட்டு நல்ல வெயில்.

"மிஸ், சாமான் எடுக்கப் போன எடத்துல காத வச்சுப் பாத்தேன். சத்தம் நின்னுருச்சு. ஒண்ணுமே கேக்கல."

அவர் குரலில் சந்தோஷம் இல்லை. சட்டிபானையோடு இரண்டு குடும்பங்கள் திரும்பிப் போகப் பார்ப்பதாகச் சொன்னார். "நின்னது நல்லதா, கெட்டதா மிஸ்?"

எனக்குத் தெரியவில்லை. அங்கே போய்ப் பார்த்த உத்தியோகத்தரைக் கூப்பிட்டுக் கேட்டேன். மழை எப்போது விட்டது என்று கேட்டார். பிறகு, "தண்ணீர் வெளியேறும் வழி அடைபட்டிருக்கலாம். ஒருவரையும் விடாதீர்கள்" என்றார். அதை அப்படியே அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

அவரும் இன்னும் மூன்று பெண்களும் லயத்துக்குத் தள்ளி, பாதைக்குக் குறுக்கே போய் உட்கார்ந்துகொண்டார்களாம். திரும்பிப் போக வந்தவர்கள் ஏசினார்கள், பிடித்து இழுத்தும் பார்த்தார்கள். இவர்கள் எழும்பவில்லை. மறுநாளும் விடியற்காலையிலேயே போய் உட்கார்ந்தார்கள். அன்று காலை பத்து மணிக்கு, வெயில் அடித்துக்கொண்டிருந்தபோதே மலை இறங்கியது.

"வீடு நின்ன மாதிரியே கொஞ்ச தூரம் போச்சு மிஸ்," என்று பிறகு சொன்னார். "கொடியில காயப்போட்ட துணிகூட விழல. அதுக்கப்புறந்தான் மண்ணு வந்து மூடுச்சு."

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த ஏழு குடும்பத்தாரும் இன்னும் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பறைகளில் இருக்கிறார்கள். காணி கேட்டு அவர் எழுதும் கடிதங்களும் என் மேசைக்குத்தான் வருகின்றன. ஒவ்வொன்றையும் முழுதாக வாசிக்கிறேன்.

இப்போது நான் முன்போல வேகமாக எழுதுவதில்லை. என்னால் நம்ப முடியாத ஒரு வரி வந்தால் எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்கிறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், நான் முன்பு சுருக்கிய கோப்புகளை ஒவ்வொன்றாகக் கீழே உள்ள பழைய கோப்பறையிலிருந்து எடுப்பித்துப் படிக்கிறேன். கூடுதலானவை நான் எழுதிய அளவேதான், கூரை, பாதை, மின்சாரம். சிலவற்றில் நான் வெட்டிய வரிகளைப் படிக்கும்போது கை நின்றுவிடுகிறது. எழுதியவர்களில் இரண்டு பேருடைய தொலைபேசி இலக்கம் இப்போது பாவனையில் இல்லை.

போன வாரம் அதிகாரி என் மேசைப் பக்கம் வந்தார். "என்ன இது, கோப்பெல்லாம் குவிந்து கிடக்கிறதே?"

"இன்னும் படித்து முடியவில்லை, சேர்" என்றேன்.