கேப் விழுந்தால் சிரிக்காதே

சிரித்த முகத்தோடு சாகப் பார்த்தவன் நான். லடாக் பக்கம், பெயர் வாயில் நுழையாத ஒரு மலை. ஏறத் தொடங்கி மூன்றாம் நாள். காலுக்குக் கீழே மண்ணே கிடையாது, எல்லாம் பனிக்கட்டி. பனியை ஆராயும் மேடம், வழிகாட்டி, ஒரு சுமையாள், நான் என நாலு பேரையும் ஒரே கயிற்றில் இடுப்போடு கட்டியிருந்தது. வழிகாட்டி டோர்ஜே பையைச் சரிசெய்ய நின்றார். நான் சும்மா நிற்காமல் வழியை விட்டு ஒதுங்கி, கையிலிருந்த ராடால் பனியைக் குத்திப் பார்த்தேன். முதல் குத்துக்குக் கெட்டியாக நின்றது. இரண்டாவது குத்தில் கைப்பிடி வரை சரக்கென்று இறங்கியது.

“கேப் உழுந்துருச்சுங்க” என்று சிரித்தபடி ஓர் அடி முன்னால் வைத்தேன்.

போர்வெல்காரர்களுக்கு ஏன் சிரித்தேன் என்று தெரியும். பாறையைக் குடையும்போது துளைக்கும் முனையான பிட் திடீரென்று தடையில்லாமல் இறங்கினால், உள்ளே வெடிப்பு இருக்கிறது என்று பொருள். அதுதான் கேப். கேப் கிடைத்தால் தண்ணீர் கிடைக்கும். தோட்டத்துக்காரர் முகம் மலரும், எங்களுக்கு டீ வரும். முப்பது வருஷம் அதற்குச் சிரித்துப் பழகிய வாய். பனியில் கேப் என்றால் மேலே மெல்லிசாகப் பனி மூடிய அதல பாதாளம்.

கால் தொடைவரை உள்ளே போனது. டோர்ஜே கயிற்றோடு மல்லாந்து விழுந்து என்னை நிறுத்தினார்.

திருச்செங்கோட்டிலிருந்து மலைக்கு

நான் போர் போடும் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்து, பிறகு திருச்செங்கோட்டில் ரிக் ஒர்க்‌ஷாப் போட்டவன். பனிமலைகளை ஆராயும் கலைச்செல்வி மேடம் ஒரு நாள் பழுதான மிஷினோடு வந்தார். அவருக்குச் சொந்த ஊர் வாழப்பாடி. சின்ன பாய்லர், ஒரு ஹோஸ், நுனியில் ஓட்டையுள்ள ராடு. நீராவியால் பனியை உருக்கித் துளை போடும் மிஷின் அது. துளையில் கம்பம் இறக்கி வைத்தால், வருஷத்துக்கு எவ்வளவு பனி உருகுகிறது என்று அளக்கலாமாம். ஆறு கம்பம் நட வேண்டும். ஆறாவது உச்சிக்குச் சற்றுக் கீழே.

மிஷினைப் பிரித்து மாட்டினேன். ஓட்டத் தெரிந்த அவர்கள் ஆள் நோயில் படுத்துவிட்டார் என்றதும், “நானே வாரேனுங்க” என்றேன்.

ஒர்க்‌ஷாப்பே சிரித்தது. ஐம்பத்தாறு வயசு, முட்டிவலி, ஏறிய பெரிய மலை எங்கள் ஊர்க் கோயில் மலைதான். என் மனைவி சரசு மட்டும் சிரிக்கவில்லை. “ஏனுங்க, இத்தன நாளு பாறைக்குள்ள தண்ணியத் தேடுனீங்க. இப்பத் தண்ணியே பாறையாக் கெடக்குற ஊருக்கா?” என்றாள். எல்லோரும் முடியாது என்றதுதான் என்னைக் கிளப்பியது. டாக்டரிடம் காட்டி, ஆறு மாதம் தினமும் கோயில் படி ஏறி இறங்கினேன்.

இறங்கச் சொன்னார்கள்

கால் உள்ளே போன அன்று சாயங்காலம் மேடம் கூடாரத்துக்கு வந்தார். அதற்குள் ஐந்து கம்பம் நட்டாகிவிட்டது.

“அண்ணா, நாளைக்கு நீங்க கீழ எறங்கிடுங்க. கூட ஒரு ஆளை அனுப்பறேன்.”

“ஆறாவது கம்பத்த ஆருங்க நடுவா?”

“அது இல்லாட்டியும் பரவால்ல. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “தப்புப் பண்ணுனது நானு. ஒத்துக்கறனுங்க. மூச்சு வாங்குதா, தலவலிக்குதா? இல்லீங்ளே. வயசச் சொல்லி எறக்காதீங்க. மிசின் மேல போனா நானும் போவனுங்க.”

டோர்ஜேக்கு நம் பேச்சு புரியாது. ரிக் வண்டியோடு வடக்கே சுற்றியதில் எனக்கு இந்தி வரும். கேப் என்றால் எங்கள் ஊரில் என்ன என்று அவருக்குச் சொன்னேன். அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு முகம் மாறி, “வழியை விட்டு ஓர் அடி ஒதுங்கினாலும் நானே இறக்கிவிடுவேன்” என்றார். சரி என்றேன். மேடமும் அரைமனதாகத் தலையாட்டினார்.

ஆறாவது கம்பம்

நான்காம் நாள் காலை எட்டு மணிக்கெல்லாம் ஆறாவது கம்பத்துக்கான இடத்துக்குப் போய்விட்டோம். டோர்ஜே தன் நீளக்கம்பியால் இடத்தைக் குத்திப் பார்த்து, சரி என்றார். பாய்லரைப் பற்றவைத்தேன். எனக்கு எதிரே குனிந்து நின்று மேடம் ஆழத்தைக் குறித்தார். ராடு நிதானமாக இறங்கியது. டோர்ஜேயின் கம்பி எட்டாத ஆழம் அது.

திடீரென்று கையில் கனம் இல்லை. ராடு தானாக ஓடியது.

வாய் சிரிக்கப் போனது. பல்லைக் கடித்தேன். வால்வை மூடினேன்.

“மேடம், அசையாதீங்க. கீழ கேப்புங்க.”

டோர்ஜேக்கு அந்த ஒரு சொல் போதும். கயிற்றை இறுக்கிப் பிடித்து மேடத்தை முதலில், என்னைப் பிறகு, வந்த வழியிலேயே பின்னால் எடுத்தார். அவர் காட்டிய வேறிடத்தில் மறுபடி துளை போட்டேன். கடைசி வரை ஒரே கனம். என் தொழிலில் அதை ஃபெயிலியர் போர் என்பார்கள். அன்றைக்கு அதைவிட நல்ல போர் நான் போட்டதில்லை.

கம்பம் நின்றதும் மேடம், “உங்களை எறக்கியிருந்தா...” என்று ஆரம்பித்தார். நான் முடிக்க விடவில்லை. “எறங்கியிருக்க மாட்டனுங்க” என்றேன்.

டிரில்லர் பசங்களுக்கு ஒன்று சொல்வேன். கை சொல்வதை நம்புங்கள். அதற்கு என்ன அர்த்தம் என்பதை மட்டும் அந்தந்த ஊர் மண்ணுக்காரனிடம் கேளுங்கள்.

ஊர் திரும்பியதும் ஒர்க்‌ஷாப்பில் கிண்டலாகக் கேட்டார்கள். “என்னுங்கண்ணா, அத்தன ஒசரத்துல போர் போட்டீங்களே, கேப் உழுந்துச்சா?”

“ரெண்டு உழுந்துச்சு. நாங்கதான் உழுகுல.”